சமமில்லாத படிக்கட்டு

“வர்க்கமூலம் கற்று என்ன பயன்?” என்று கணக்கு வகுப்பில் நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு. நானும் முணுமுணுத்தவள்தான். ஆனால் இயற்கையே வர்க்கமூலத்தால் ஒரு படிக்கட்டைக் கட்டி வைத்திருக்கிறது என்று அறிந்த நாள்முதல் அந்தக் குறியை மரியாதையோடு எழுதுகிறேன். அந்தப் படிக்கட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

காந்தப் புலத்திற்குச் செங்குத்தாக ஓடும் எலெக்ட்ரான் நேராகச் செல்லாது, வட்டமிடும். அதன் ஆற்றல் எந்த அளவிலும் இருக்கலாம் என்றே நமக்குத் தோன்றும். குவாண்டம் இயற்பியலோ, குறிப்பிட்ட சில ஆற்றல்கள் மட்டுமே உண்டு என்கிறது. சரிவான பாதையில் எங்கும் நிற்கலாம். படிக்கட்டில் படிமீது மட்டுமே நிற்க முடியும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1930-ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர் லாண்டவ், வேகம் குறைந்த எலெக்ட்ரானுக்கு இப்படிக்கட்டைக் கணக்கிட்டார். அதில் படிகள் யாவும் சம உயரம். முதற்படி மட்டும் தரையிலிருந்து அரைப்படி உயரத்தில் இருக்கும்.

ஒளியை நெருங்கும் வேகத்தில் ஓடினால் என்ன ஆகும்? அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்க்க வேண்டும். 1928-இல் டிராக் இவ்விரண்டையும் இணைத்து ஒரு சமன்பாடு தந்தார். அதே ஆண்டில் ராபி என்பவர் அதைக் காந்தப் புலத்திற்குப் பொருத்தித் தீர்வு கண்டார். அதன்படி, நிறையற்ற துகளாயின் படிகள் 0, 1, 1.41, 1.73, 2 என்ற உயரங்களில் அமையும். இவை 0, 1, 2, 3, 4 ஆகியவற்றின் வர்க்கமூலங்களே! மேலே செல்லச் செல்லப் படிகள் நெருங்கும். முதற்படியோ தரையிலேயே இருக்கும். சாதாரண எலெக்ட்ரானுக்கு நிறை உண்டு. ஆய்வகக் காந்தங்களில் அந்த நிறையே மேலோங்குவதால், படிகள் சமமாகவே தோன்றும்.

2004-இல் கைம், நோவசெலோவ் ஆகியோர் பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டிலிருந்து ஒட்டும் நாடாவால் ஓர் அணு கனமே உள்ள ஏட்டைப் பிரித்தெடுத்தனர். அதுவே கிராஃபீன். அதில் எலெக்ட்ரான்கள் நிறையே இல்லாதவைபோல, ஒளி வேகத்தில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகின்றன. 2005-இல் மான்செஸ்டரிலும் கொலம்பியாவிலும் நடந்த சோதனைகள் தரையிலுள்ள அந்த முதற்படிக்குச் சான்று தந்தன. அடுத்த ஆண்டு வர்க்கமூல விதியும் ஒளியால் அளந்து உறுதி செய்யப்பட்டது.

இன்னும் ஒரு வியப்பு! 2010-இல் பிளாட்டினத்தின் மேல் படிந்த கிராஃபீனில் நுண்ணிய கொப்புளங்கள் காணப்பட்டன. அங்கு ஏடு இழுபட்டு வளைந்திருந்ததால், காந்தமே இல்லாதபோதும் 300 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் இருப்பதுபோல் எலெக்ட்ரான்கள் படிகளில் நின்றன. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் புலம் பொதுவாக 1.5 டெஸ்லாவே. வளைந்த வெளியில் துகள்கள் எப்படி நடக்கும் என்று ஆராய்வோருக்கு இந்த ஏடு ஒரு மாதிரியாக உதவுகிறது.

தோழியரே! 1928-இல் தாளில் போட்ட கணக்கு, 77 ஆண்டுகள் காத்திருந்து ஒரு பென்சில் துகளில் விடை கண்டது. இன்று பயனில்லை என்று தோன்றும் கணக்கும் ஒருநாள் பயன்தரும். ஆகவே, நாளைய வீட்டுக் கணக்கை முணுமுணுக்காமல் போடுவோமா?