மீதி மாதங்களில் அது எங்கே பறக்கும்?

விமான நிறுவனங்களில் வழித்தடத் திட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, அதே வேலையைப் பார்த்து ஓய்வுபெற்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன் சொல்வது. சாஃப்ட்வேரைக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

1. சீசன் வழித்தடத்துக்கென்று யாரும் விமானம் வாங்குவதில்லை. வேறெங்கோ பறந்துகொண்டிருப்பதைத்தான் பிடுங்கிக் கொடுப்பார்கள். ஆகவே "ஹஜ்ஜுக்கு எது பொருத்தம், டிசம்பர் லண்டனுக்கு எது பொருத்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். இதைப் பிடுங்கினால் எந்த வழித்தடம் நொண்டும், சீசன் முடிந்ததும் இது எங்கே போய்ச் சம்பாதிக்கும் என்று முதலில் கேளுங்கள். குத்தகைத் தவணை சீசன் பார்த்து வருவதில்லை.

2. ஏ380 கதையை ஒழுங்காகப் படியுங்கள். 2012 ஜூலை 1 அன்று மலேசியா ஏர்லைன்ஸ் அதை லண்டனுக்கு விட்டது. 494 இருக்கை. மொத்தம் ஆறு விமானங்கள். பாரிஸ், சிட்னிக்கும் பறந்தன. கோடையிலும் கிறிஸ்துமஸிலும் அத்தனை இருக்கையையும் விற்றுவிடலாம். பிப்ரவரியில் விற்க வேண்டுமென்றால் விலையை வெட்ட வேண்டும். "அப்படியானால் பிப்ரவரியில் சேவையைக் குறைத்துவிடலாமே" என்பீர்கள். ஹீத்ரோவில் அது நடக்காது. வாங்கிய ஸ்லாட்டில், அதாவது ஏறி இறங்கும் நேர ஒதுக்கீட்டில், 80 விழுக்காடாவது பறக்காவிட்டால் அடுத்த ஆண்டு அந்த ஸ்லாட் உங்கள் கையில் இருக்காது. எண்ணிக்கையைத் தொட முடியாத இடத்தில் நீங்கள் கூட்டிக் குறைக்கக்கூடியது விமானத்தின் அளவு ஒன்றுதான். 2018 தொடக்கத்தில் லண்டன் 286 இருக்கை ஏ350-900க்கு மாறியதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

சரக்கையும் பாருங்கள். ஏ380இன் வயிற்றில் எல்டி3 பெட்டகம் 38 போகும், ஏ350-900இல் 36. ஆள் கூட்டம் முக்கால் பங்கு அதிகம், பெட்டகம் இரண்டே இரண்டு அதிகம்! அதையும் பயணிகளின் பெட்டிகளே நிரப்பிவிடும். ஆள் குறைந்த மாதத்தில் கைகொடுக்கும் கார்கோ வருமானத்துக்கு இடம் எங்கே?

3. அதே ஏ380 ஹஜ்ஜுக்கு நல்ல விமானம். இதில் பலர் குழம்புகிறார்கள். ஹஜ் பயணத்தில் முதல் ஒரு மாதம் ஜித்தாவுக்கும் மதீனாவுக்கும் நிரம்பிப் போய்க் காலியாகத் திரும்ப வேண்டும். அடுத்த மாதம் காலியாகப் போய் நிரம்பி வர வேண்டும். 2018இல் மலேசியாவுக்கு ஒதுக்கிய ஹஜ் இடம் 30,200. கணக்குக்காக எல்லோரையும் ஒரே வகை விமானத்தில் ஏற்றிப் பாருங்கள்: 494 இருக்கை என்றால் 62 நடை, 286 என்றால் 106 நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு காலிப் பறத்தல் உண்டு. போகவரச் சேர்த்தால் இரண்டு. பெரிய விமானத்துக்கு எரிபொருள் அதிகம்தான், ஆனால் காலி நடைகளும், நெரிசலான ஜித்தாவில் கேட்க வேண்டிய ஸ்லாட்டும் அந்த அளவுக்குக் குறைகின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் 2018இல் அமால் என்ற தனிப் பெயரில் ஹஜ், உம்ரா சேவையைத் தொடங்கி ஏ380ஐ அங்கே நகர்த்தியது பைத்தியக்காரத்தனம் இல்லை.

காலி நடை முழுக்கக் காலியும் இல்லை. ஹஜ் போனவர்கள் கொண்டுவரும் ஜம்ஜம் தண்ணீர் ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 494 பேருக்கு ஏறத்தாழ இரண்டரை டன். பல நிறுவனங்கள் காலியாகத் திரும்பும் விமானத்திலேயே அதை முன்கூட்டி ஏற்றி வந்துவிடும்.

இவ்வளவு பொருந்தியும் ஏ380 ஏன் நிலைக்கவில்லை? ஹஜ் இரண்டு மாத வேலை. உம்ரா ஆண்டு முழுதும் உண்டு, ஆனால் அதற்கு அந்த அளவு தினமும் தேவைப்படாது. 2022 ஆகஸ்டில் இருபது ஏ330நியோவுக்கு ஒப்பந்தம் போட்டபோது ஆறு ஏ380களையும் ஏர்பஸே திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடானது. கொரோனா அதை விரைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

4. ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பதை மறக்காதீர்கள். லண்டன் போக 14 மணி, வர 13, நடுவே தரையில் சில மணி நேரம். ஒரு நாளில் முடியாது. தினசரி சேவைக்கு ஒரு விமானம் போதாது, இரண்டு முழுக்கத் தேவையுமில்லை. அந்த உபரி நேரத்தில் எதைச் செருகுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் சாமர்த்தியம். ஜித்தா சுமார் 9 மணி. துப்புரவு, எரிபொருள் எல்லாம் சேர்த்து நாளுக்குள் ஒரு நடை அடங்கிவிடும். வரைபடத்தில் தூரம் அளந்து பயனில்லை, இந்த நாள் கணக்கைப் போடுங்கள்.

5. மேசையில் நம் ஊர் நாட்காட்டி ஒன்றை வையுங்கள், எல்லாப் பண்டிகையும் போட்டது. சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவே ஊசலாடும். தீபாவளி ஐப்பசியை விட்டு அதிகம் நகராது. ஹஜ் அப்படியில்லை: ஆண்டுக்குப் பத்து பதினொரு நாள் முன்னால் வரும், நிற்காது. 2018இல் ஆகஸ்ட், ஐரோப்பாவின் உச்ச சீசனோடு நேருக்கு நேர் மோதியது. 2025இல் ஜூன் தொடக்கம். 2030களின் நடுவில் பிப்ரவரி, மார்ச்சுக்கு வந்துவிடும். லண்டன் மந்தமாக இருக்கும் மாதங்கள். அதாவது இன்று ஹஜ்ஜுக்கு விமானமே கிடைக்காது என்று தலையில் அடித்துக்கொள்ளும் நிறுவனத்துக்குப் பத்து வருடத்தில் சும்மா நிற்கும் விமானத்துக்கு வேலை கிடைத்தாற்போல் ஆகும். விமானக் குத்தகை பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

6. பைலட்டைக் கேளுங்கள். 90 நாளில் மூன்று முறை ஏற்றி இறக்காதவரை உடனே உட்காரவைக்க முடியாது. சீசனுக்கு மட்டும் எழுப்பும் விமானத்துக்கு ஆளும் தூங்கிப்போயிருப்பார்.

7. ஒற்றையாய் நிற்கும் ரகத்தை நம்பாதீர்கள். ஏர் ஏசியா எக்ஸ் 2009 மார்ச்சில் லண்டனுக்கும் 2011இல் பாரிஸுக்கும் பறந்தது, நான்கு எஞ்சின் ஏ340-300இல். எரிபொருள் விலை, ஐரோப்பாவின் கார்பன் கட்டணம், பிரிட்டனின் பயணி வரி என்று காரணம் சொல்லி 2012 மார்ச்சோடு இரண்டையும் நிறுத்தியது. மற்ற நீண்டதூர விமானமெல்லாம் இரட்டை எஞ்சின் ஏ330. ஐரோப்பா போனதும் அந்த ஏ340க்குப் போக்கிடம் இல்லை. அதே நிறுவனம் 2015இல் சப்போரோவுக்குப் போனது ஏ330இல்; பனிக்காலம் முடிந்தால் அதை நாளைக்கே வேறு ஊருக்குத் திருப்பலாம். இரண்டு மாத நெருக்கடிக்கு மட்டும் விமானம் வேண்டுமென்றால் ஆளோடு சேர்த்து வாடகைக்கு, அதாவது வெட் லீஸ் எடுங்கள், கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுப்பது போல. ஆனால் ஹஜ் சமயத்தில் உலகமே அதே அண்டாவைத் தேடும்.

8. தீபாவளிக்குத் திருச்சிக்குப் பெரிய விமானம் விட முடியாதா என்று துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் டிக்கெட் போடும் கடைக்காரர்கள் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். நீண்டதூரம் இல்லை, நான்கு மணி நேரம்தான். நோய் மட்டும் ஹஜ் நோயேதான், போகும்போது நிரம்பும், வரும்போது காலி. ஹஜ்ஜில் இரு நடைக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட மலேசிய ஹஜ் வாரியமான தபோங் ஹாஜி இருக்கிறது. இங்கே அந்தக் காலி நடையின் விலையை டிக்கெட் வாங்குகிறவர் தலையில்தான் ஏற்ற முடியும். திருச்சி ஓடுபாதையும் சுமார் 2,480 மீட்டர்தான். அகன்ற விமானத்துக்கு அது நெருக்கடி. நள்ளிரவில் சும்மா நிற்கும் ஏ320ஐக் கூடுதல் நடை விடுவதே அங்கே சரி.

எந்த மாதம் எத்தனை நடை என்று அந்தக் கடைக்காரர்களையே கேளுங்கள். குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஜூலையிலேயே விலை விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பதிவுக் கணக்கு உங்கள் திரைக்கு வரும்போது கூடுதல் ஸ்லாட் கேட்கும் தேதி தாண்டியிருக்கும்.