பழைய நாஸ் பெட்டிக்கு மறுவாழ்வு

வீட்டிலுள்ள பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) புதிய விண்டோஸில் திறக்கவில்லையா? பழுதென்று தூக்கிப்போடாதீர்கள். அது, புதிய விண்டோஸ் இயல்பாக ஏற்காத எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே தெரிந்த பெட்டியாக இருக்கலாம். 2017-இல் வானாக்ரை வைரஸ் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அதனால் எஸ்எம்பி1-ஐக் கணினியில் மீண்டும் இயக்க வேண்டாம். சரிசெய்ய வேண்டியது பெட்டியைத்தான்: அதன் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும்.

முதலில் கோப்புகள் முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். ஃபர்ம்வேர் மாற்றம் பாதியில் நின்றால் பெட்டி எழாமலே போகலாம். பல நாஸ் பெட்டிகளில் ஓடுவது லினக்ஸ். அதனால் செட்டிங்ஸில் எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை இருக்கலாம்; இருந்தால் இயக்குங்கள். விண்டோஸில் வின்எஸ்சிபி என்ற மென்பொருள் மூலம் கோப்புகளை எடுக்கலாம். லினக்ஸ் கணினிக்கு என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வசதியானது. ஆனால் வழக்கமான அமைப்பில் அது கடவுச்சொல் கேட்காது, ஐபி முகவரியைத்தான் பார்க்கும். அனுமதிப் பட்டியலில் உங்கள் கணினியின் முகவரியை மட்டும் சேருங்கள். ரவுட்டரில் என்எஃப்எஸ் பயன்படுத்தும் 2049 போர்ட்டை வெளியே திறக்கவே திறக்காதீர்கள்.