கடையில் நின்றதும் அனுபவமே

உயர்தரம் முடித்த மகன் மூன்று வருடம் வாப்பாவின் கடையில் நின்றிருப்பான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் "முன் அனுபவம் இல்லை" என்று எழுதிவிடுவான். எமது வர்த்தகக் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

சுயவிபரக் கோவையுடன் அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதற் பந்தியில் எந்தப் பதவி, விளம்பரம் எங்கே வந்தது என்பதைக் குறிப்பிடுங்கள். இரண்டாவதில் தகுதிக்குச் சான்று காட்டுங்கள். "கடின உழைப்பாளி" என்று எவரும் எழுதலாம். "தினமும் மாலையில் காசைக் கணக்குடன் ஒப்பிட்டேன், மாத முடிவில் இருப்பெடுத்தேன், கடன் நிலுவைகளை அறவிட்டேன்" என்று செய்தவன்தான் எழுத முடியும். கணக்கு உதவியாளர் பதவிக்கு இது பெறுமதியான சான்று. செய்யாததைச் சேர்த்தால் நேர்முகப் பரீட்சையில் பிடிபடும். இறுதிப் பந்தியில் நேர்முகத்துக்குத் தயார் என்பதையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

உங்களைப் பற்றி விசாரிக்க, உறவினரல்லாத இருவரின் பெயரையே பெரும்பாலும் கேட்பார்கள். வாப்பாவின் பெயர் அங்கே உதவாது. கடைக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று அவரது பெயரைக் கொடுக்கலாம்.

கடை முதலாளிமாரே, விலகிச் செல்லும் ஊழியருக்கு அவர் செய்த வேலையையும் காலத்தையும் குறித்து ஒரு சேவைக் கடிதம் கொடுங்கள். உங்களுக்கு ஒரு தாள். அவருக்கு அதுவே அடுத்த வேலை.