பழைய துவிச்சக்கர வண்டி: இனங்காணலும் புதுக்கலும்

துவிச்சக்கர வண்டி ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவாய் உதவிய ஊர்தியாகும். யாழ்ப்பாணத்தின் சமநிலம் அதற்கு மிக வாய்ப்பாயிற்று. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, வடபகுதிக்கு எரிபொருள் வரவு தடைப்பட்ட காலத்தில், நோயாளரையும் நெல்மூட்டையையும் விறகையும் சுமந்தது அதுவே. அதன் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். அத்தகைய பழைய வண்டிகளுட் சில பழைய இரும்பு விலைக்குப் போகின்றன; வேறு சில, புதுக்குவோர் ஆர்வ மிகுதியால் தம் அடையாளத்தையே இழக்கின்றன. இவ்விருவகை அழிவுக்கும் காரணம் ஒன்றே: கையிலுள்ள பொருள் இன்னதென அறியாமை. ஆதலின், முதலில் அறிக. பின்னரே திருத்துக என்பதே ஈண்டு யாம் கூறவந்த விதி.

நாம் ஆராய எடுத்துக்கொண்டது பந்தய வண்டியன்று. நாளாந்தப் பயணத்துக்கும் நெடுவழிச் செலவுக்கும் இங்கிலாந்தில் பெருந்தொகையாகச் செய்யப்பெற்ற எளிய விலை வண்டியாகும். அது பெரும்பாலும் இருவகைப்படும். 28 அங்குலச் சில்லும், கம்பித்தண்டால் இயங்கும் பிரேக்கும் உடையது ஒன்று. 26 அங்குலச் சில்லும், கேபிளால் இயங்கும் பிரேக்கும் உடைய சற்று இலேசான வண்டி மற்றையது.

இனங்காணுதற்கு முதற் சான்று முன்கழுத்திலுள்ள சின்னம். றலிக்கு நாரைத்தலை, றட்ஜுக்கு விரித்த கை, பி. எஸ். ஏ.க்கு மூன்று துப்பாக்கிகள் என்பன குறிகளாம். சின்னம் உதிர்ந்துபோயின், பெடல் பொருந்திய பற்சில்லின் வடிவமும் பெயர் சொல்லும். ஆயினும் சின்னம் ஒன்றே போதாது. 1887 இல் பிராங்க் பவுடன் நொட்டிங்காம் நகரிற் பொறுப்பேற்று வளர்த்த றலி நிறுவனம், ஹம்பர் வண்டியை 1932 இலும், றட்ஜை 1943 இலும், பி. எஸ். ஏ. துவிச்சக்கர வண்டியை 1957 இலும் தன்வயமாக்கிற்று. எனவே பெயர் வேறாயினும் உறுப்பு ஒன்றாயிருத்தல் கூடும்.

இரண்டாவது சான்று ஆண்டு. பின்சில்லில் ஸ்டேர்மி ஆர்ச்சர் மூவேகக் குடம் இருப்பின், அதன் மேல் ஆண்டின் ஈற்றிரு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருத்தலைப் பெரும்பாலும் காணலாம். ஆனால் அது குடத்தின் வயதையே காட்டும். சில்லு பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம். ஆதலால் சட்டகத்தின் தொடரிலக்கம், பிரேக்கின் வகை, சில்லின் அளவு ஆகியவற்றை ஒப்புநோக்கியே முடிவுக்கு வருதல் வேண்டும்.

மூன்றாவது சான்று தரம். ‘றெய்னோல்ட்ஸ் 531’ என்னும் குழாய் 1935 இல் அறிமுகமாகி, உயர்ந்த வண்டிகளிற் பயன்பட்டது. அக்குறியின்றி, உருக்கு றிம்மும், கொட்டர் ஆணியால் இறுக்கிய பெடற்கையும் காணப்படின், அது எளிய விலை வண்டியெனக் கொள்ளலாம். மலிவு இழிவன்று. தடித்த உருக்கின் பாரமே மூட்டை சுமந்த காலத்தில் அதன் வலிமையாயிற்று.

இனிப் புதுக்கும் முறையை நோக்குவோம். கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படமெடுத்து வைத்தல் நன்று. முன்கழுத்தை அடுத்த குழாய்களின் கீழ்ப்புறத்தே மடிப்போ வெடிப்போ காணின், மேற்கொண்டு செலவிடற்க. அச்சட்டகம் ஏறி ஓடத் தகாதது. இடப்புறப் பெடலின் புரி மறுபுறமாய்ச் சுழலும் என்பதை மறவற்க. கொட்டர் ஆணியை அடிக்கும்போது பெடற்கையின் கீழே உறுதியான தாங்கல் வைத்தல் வேண்டும். இன்றேல் அடி முழுவதும் உட்குண்டுகளையே தாக்கும். றலி வண்டியின் நடு அச்சுக் கிண்ணம் பொதுவாக அங்குலத்துக்கு 26 புரி உடையது. ஏனைய ஆங்கில வண்டிகளின் கிண்ணம் 24 புரி உடையது. ஒன்றை மற்றொன்றிற் பலவந்தமாய்ப் பொருத்தின் சட்டகமே கெடும்.

ரயர் வாங்குவோர் ‘26 அங்குலம்’ என்று மட்டும் கேட்டல் போதாது. பழைய 26 x 1⅜ ரயரின் உள்விட்டம் 590 மில்லிமீற்றர். இக்கால மலைச் சைக்கிளின் 26 அங்குல ரயருக்கு அது 559 மில்லிமீற்றர். பழைய 28 x 1½ ரயருக்கு 635 மில்லிமீற்றர். ரயரின் பக்கத்தே அச்சிட்ட இவ்விலக்கத்தைப் பார்த்தே வாங்குக. ஸ்டேர்மி ஆர்ச்சர் குடத்துக்கு இலேசான எண்ணெய் சில துளிகளே போதும். தோல் இருக்கையை எண்ணெயில் ஊறவைத்தல் தீது. அது தளர்ந்து தொய்ந்துவிடும்.

வர்ணத்தைப் பற்றியே கருத்து வேறுபாடு மிகுதி. முழுவதையும் சுரண்டிப் புதிதாய்ப் பூசினால் கண்ணுக்கு அழகாகும். ஆனால் தொழிற்சாலையின் பொற்கோடுகளும் எழுத்துக்களும் ஒருநாளில் மறைந்துவிடும். அவற்றை மீளப் பெறல் அரிது. நிக்கல், குரோம் பூச்சின் மேலுள்ள துருவை நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்து அகற்றலாம். வர்ணத்தைத் துடைத்து, மெழுகு பூசி, இருந்தவாறே விடுதல் மேலானது. பாரம் ஏற்றவெனப் பின்னர் ஒட்டிய கரியரும் கொல்லன் இட்ட ஒட்டும் ‘குறை’ எனத் தோன்றலாம். அவை அவ்வண்டி வாழ்ந்த காலத்தின் எழுத்து. அவற்றைக் களைந்து தொழிற்சாலை நிலைக்கு மீட்பவர், வண்டியின் பிறப்பைக் காத்து வாழ்வை அழிக்கின்றார்.

ஆயினும் பழமைப் பற்று உயிருக்கு இடையூறாதல் ஆகாது. பிரேக் கட்டை, கேபிள், ரயர், ரியூப் ஆகியன புதியனவாகவே இருத்தல் வேண்டும். உருக்கு றிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடித்தல் பெரிதும் குறையும். ஈரத்தில் ஓட்டுவோர் இதனை நினைவிற் கொள்க. கழற்றிய பழைய உறுப்புக்களை எறியாது பெயரெழுதிப் பொதிந்து வைத்தல் முறை.

மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. உங்கள் இல்லத்திலோ அயலிலோ பழைய வண்டி இருப்பின், அதன் சின்னம், தொடரிலக்கம், குடத்தின் ஆண்டு, மாற்றப்பட்ட உறுப்புக்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. அதனை ஓட்டிய முதியோரிடம், எங்கே வாங்கியது, எதை ஏற்றிச் சென்றது என வினவி அதனையும் சேர்த்தெழுதுக. உருக்கு இன்னும் பல்லாண்டு நிற்கும். அவர்தம் நினைவு அவ்வாறு நில்லாது. ஆதலின் திருத்தும் வேலை நாளை ஆகலாம். கேட்டெழுதும் வேலை இன்றே ஆகுக.