காரின் நிறமும் கடலோர வெயிலும்

கார் வாங்கும் வீட்டில் விலை, மைலேஜ், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடிந்த பிறகுதான் நிறத்தைப் பற்றிய பேச்சு வரும். பிள்ளைகள் சிவப்பு என்பார்கள். பெரியவர்கள் வெள்ளை என்பார்கள். நிறம் அவரவர் விருப்பம்தானே என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் ஆறேழு ஆண்டுகள் கழித்து அந்த வண்டியை விற்கும்போதும், பிறர் ஓட்டிய வண்டியை நாம் வாங்கும்போதும் நிறமும் சேர்ந்து விலை பேசும். கடுமையான வெயில், இரண்டு பருவமழை, மேற்கிலிருந்து உப்புக்காற்று ஆகிய மூன்றும் உள்ள திருவனந்தபுரத்தில் வாழும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது.

பெயிண்டில் நிறம் தருவது நிறமி. அதைத் தகட்டோடு பிடித்து வைப்பது பிசின். இன்றைய கார்களில் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, அதன்மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட் எனப் பல அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனமே இருக்கும்.

வெள்ளை நிறமியின் கதை நம் ஊரோடு தொடர்புடையது. கொல்லம் மாவட்டத்துச் சவராவிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் கருமணலில் இல்மனைட் என்னும் தாது உள்ளது. அதிலிருந்து கிடைப்பதே டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி. இதற்காக 1946-இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை வேளிக்கு அருகில்தான் இருக்கிறது.

இந்தப் பொடியில் அனடேஸ், ரூட்டைல் என இரு வகைகள் உண்டு. வேளி ஆலை அனடேஸுக்குப் பெயர் பெற்றது. அனடேஸ் வெயில் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே சிதைக்கும்; பூச்சின் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் பொடியாகும். எனவே காருக்கும் வெளிச்சுவருக்கும் ரூட்டைல் வகையே ஏற்றது. அதைச் சவராவிலுள்ள கேரள அரசு நிறுவனம் 1984 முதல் உற்பத்தி செய்து வருகிறது.

சிவப்பு ஏன் வெளிறுகிறது? சிவப்பு நிறமி, ஆற்றல் மிகுந்த நீல ஒளியை உள்வாங்குகிறது. அந்த ஒளியும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை உடைக்கின்றன. கோயில் மதிலில் அடிக்கும் காவி இரும்பு ஆக்சைடு என்பதால் எளிதில் வெளிறாது. காரின் பளிச்சென்ற சிவப்போ காவியில் வராது. அதற்குக் கரிம நிறமி வேண்டும். பழைய ஒற்றைப் பூச்சுக் கார்கள் பல இளஞ்சிவப்பாய் மங்கியது இதனால்தான். இன்றைய நிறமிகள் மேம்பட்டவை. கிளியர் கோட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ஆனால் அந்தக் கிளியர் கோட்டே வெயிலில் தேய்ந்து, மேற்கூரையிலும் பானெட்டிலும் முதலில் மங்கி, பிறகு பாம்புச் சட்டைபோல் உரியும்.

கருப்பு எளிதில் வெளிறாது. ஆனால் வெயிலில் அதிகம் சுடும். சிறு கீறலும் தெரியும். வெள்ளி நிற மெட்டாலிக் தூசியை மறைக்கும். ஆனால் அடிபட்ட இடத்தில் மட்டும் அதே நிறத்தை அடிப்பது கடினம். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் படியும் விதம் மாறினாலே நிறம் வேறாகத் தெரியும். வெள்ளையில் சூடு குறைவு, வெளிறலும் தெரியாது. பழைய வண்டிச் சந்தையில் அதைக் கேட்பவர்களும் அதிகம்.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. பெட்ரோல் மூடியின் உட்புறமும் கதவு இடுக்கும் வெயில் படாத இடங்கள். அங்குள்ள நிறத்தை மேற்கூரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. வண்டியைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கதவு மட்டும் புதுநிறமாய் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

3. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் கனமாகப் பட்டி பார்த்திருக்கலாம்.

4. ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றா என்று பாருங்கள். நிறம் மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும்.

5. கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டியில் துரு விரைந்து பரவும்.

பறவை எச்சத்தையும் மரப் பிசினையும் அன்றே கழுவுவதும், நிழலில் நிறுத்துவதும், அவ்வப்போது மெழுகு பூசுவதும் எந்த நிறத்துக்கும் ஆயுளைக் கூட்டும்.

பிள்ளைகள் கேட்கும் சிவப்பை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. போர்ட்டிகோ உள்ள வீடானால் தாராளமாக வாங்கலாம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெருவோரம் வண்டியை நிறுத்த வேண்டிய குடும்பங்கள் நம்மில் பல. அவர்கள் வண்டி நிற்கப்போகும் இடத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ற நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நலம். கடன் அடைத்து முடியும்போதும் வண்டிக்கு நல்ல விலை இருக்க வேண்டுமல்லவா?