கிஸ்ஸா போன வழி

இது ஒரே ஒரு சொல்லைப் பற்றிய கட்டுரை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய தாளா என்று கேட்காதீர்கள், படித்துப் பாருங்கள்.

"எங்கள் வீட்டுப் பெரியவர்" என்ற தலைப்பில் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "கரண்ட் போன இரவுகளில் உம்மம்மா எங்களை உட்கார வைத்துக் கிஸ்ஸா சொல்லுவார்" என்று எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது 'கிஸ்ஸா' மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'கதை' என்று எழுதி, 'பிறமொழிச் சொல் தவிர்க்க' என்று ஒரு குறிப்பு. ஒரு மார்க் போச்சு. மார்க் போனால் போகட்டும். வீட்டில் நோட்டைப் பார்த்த உம்மம்மா, "அப்ப நான் இத்தனை வருசமா பேசுனது தமிழ் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நூலகத்துக்கும், எங்கள் தெரு ஆலிம்சா வீட்டுக்கும் அலைந்தேன்.

கிஸ்ஸா அரபுச் சொல். அதில் சந்தேகமே இல்லை. அதன் வேர் 'கஸ்ஸ' என்ற வினைச்சொல். அதற்கு இரண்டு பொருள். ஒன்று, வெட்டுவது. கத்தரிக்கோலுக்கு அரபியில் 'மிகஸ்' என்று பெயர். அதுவும் இந்த வேரில் வந்ததுதான். இன்னொரு பொருள்தான் நமக்கு வேண்டியது: காலடித் தடத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போவது. மணலில் ஒட்டகம் போன தடத்தை ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பதை நினைத்துப் பாருங்கள். நடந்த சம்பவத்தையும் அப்படித்தான் ஒவ்வொரு அடியாகத் தொடர்ந்து போய்ச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்வது கிஸ்ஸா.

திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயத்துக்கே 'அல்கஸஸ்' என்று பெயர். அதில் மூஸா நபியின் தாயார், குழந்தையை ஆற்றில் விட்டபின் அதன் அக்காவைப் பின்னாலேயே போய்ப் பார்க்கச் சொல்கிறார். "பின்தொடர்" என்பதற்கு அங்கே வருகிற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான் என்று ஆலிம்சா விரலை வைத்துக் காட்டினார். தம்பி மிதந்து போகிறான், அக்கா கரையோரமாகவே போகிறாள். கிஸ்ஸா என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை.

ஆனால் கதை சொல்பவர்கள் எல்லாரும் தடத்தை ஒழுங்காகப் பார்த்துப் போனார்களா என்றால், இல்லை! அந்தக் காலத்தில் பள்ளிவாசல்களில் கூட்டம் சேர்த்துக் கதை சொன்னவர்களுக்கு 'குஸ்ஸாஸ்' என்று பெயர். கூட்டம் அழவேண்டும், வியக்கவேண்டும் என்று இவர்கள் இல்லாததையும் பொல்லாததையும் சேர்க்கிறார்கள் என்று அறிஞர்களுக்குக் கோபம். பாக்தாதில் வாழ்ந்து 1201-இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி இவர்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். (எங்கள் உம்மம்மாவும் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் ஜின்னின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போவார். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இந்தச் சொல் அரபு நாட்டிலேயே தங்கிவிடவில்லை. பாரசீகத்துக்குப் போய் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெஷாவர் நகரத்தில் 'கிஸ்ஸா கவானி பஜார்' என்று ஒரு கடைத்தெருவே இருக்கிறது. கிஸ்ஸா சொல்பவர்களின் கடைத்தெரு என்று அர்த்தம். வியாபாரிகளும் வழிப்போக்கர்களும் அங்கே உட்கார்ந்து கதை கேட்பார்களாம். பஞ்சாபியில் கிஸ்ஸா என்பது பெரிய காதல் காவியம். வாரிஸ் ஷா 1766-இல் எழுதி முடித்த ஹீர் - ராஞ்சா கதை அந்த வகைதான். மலாய் மொழியில் 'கிசா' என்றால் சாதாரணமாக எல்லாரும் சொல்லும் கதை. வங்காளத்தில்தான் பாவம், சொல்லின் மானம் போய்விட்டது. அங்கே 'கேச்சா' என்று மாறி, ஊர் வம்பு, அவதூறு என்ற பொருளும் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழி. அந்த மொழியில் 'கி' என்று தொடங்கும் ஒருவகைச் சொற்களுக்குப் பன்மையில் 'வி' வரும். அரபு 'கிதாப்' அங்கே 'கிதாபு' ஆனது. பல புத்தகங்கள் என்றால் 'விதாபு'. அதேபோலக் கிஸ்ஸா அங்கே 'கிசா'. பல கதைகள் என்றால் 'விசா'! வந்த விருந்தாளிக்குத் தன் வீட்டுச் சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி இல்லையா?

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ் இச்சொல்லை ஓர் இலக்கிய வகையின் பெயராகவே எடுத்துக்கொண்டது. யூசுபு நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா, விறகு வெட்டியார் கிஸ்ஸா என்று நூல்கள் இருக்கின்றன. மசலா, நாமா, முனாஜாத்து என்பவையும் இப்படி வந்த வகைகள். மசலா என்றால் கேள்வி. சமையல் மசாலா இல்லை! 'ஆயிர மசலா' 1572-இல் மதுரையில் அரங்கேறியது. ஆனாலும் மலாயில் போலத் தமிழில் கிஸ்ஸா எல்லார் வாயிலும் வரவில்லை. ஏனென்றால் 'கதை' என்ற சொல் இங்கே முன்னமே இருந்தது. அதனால் கிஸ்ஸா எங்களைப் போன்றவர்கள் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டது. ஐயாவுக்கு அது புதிதாகத் தெரிந்ததில் தப்பு இல்லை.

ஆனால் 'கதை' எங்கிருந்து வந்தது? நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினேன். வடமொழி 'கதா'விலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. ஒரு விருந்தாளியை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு விருந்தாளியை உட்கார வைத்திருக்கிறோம்! வக்கீல், பாக்கி, வசூல், அசல் எல்லாமே அரபியிலிருந்து வந்தவைதான். நாம் செய்யுள் பகுதியில் மனப்பாடம் செய்கிற சீறாப்புராணத்தில் 'சீறா' அரபுச் சொல், 'புராணம்' வடசொல். இரண்டையும் சேர்த்துத் தைத்த உமறுப்புலவரின் காப்பியத்தைத் தமிழ்ப் பாடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பயந்துகொண்டே ஐயாவிடம் சொன்னேன். அவர் லெக்சிகனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மார்க்கை மாத்த முடியாதும்மா, பதிவேட்டுல ஏத்தியாச்சு. இதைச் சுவர் இதழுக்கு எழுதிக் குடு" என்றார்.

வீட்டுக்குப் போய் உம்மம்மாவிடம், "நீங்க பேசுனது தமிழ்தான்" என்று சொல்லி, எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சுவாஹிலி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். என் மாமா சவூதி போக எட்டு மாதமாகக் காத்திருக்கிறார். "உன் மாமன் ஒரு விசாவுக்கு இந்த அலை அலையுறான். எனக்கு நாப்பது விசா தெரியுமே!" என்று சொல்லிச் சிரித்தார்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவி