தேற்றத்தை ஓட்டிப் பார்க்கலாம்

கேள்வி: எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். தேற்றங்களை மனப்பாடம் செய்தே எழுதுகிறேன். கணினியோடு சேர்த்துப் படிக்க என்ன வழி?
– ஒரு வாசகி

பதில்: 'ஆர்' மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களில் உருவாக்கியது, காசு கிடையாது. புத்தகம் என்றால் சிஹாரா, ஹெஸ்டர்பெர்க் எழுதிய 'மேதமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வித் ரீசாம்ப்ளிங் அண்ட் ஆர்'. நிரூபணங்களுக்கு கசெல்லா-பெர்கர் பாடநூலை விட்டுவிடாதீர்கள். அந்த வேலையை எந்த மென்பொருளும் செய்யாது.

மைய எல்லைத் தேற்றத்திலிருந்து தொடங்குங்கள். அடுக்குக்குறிப் பரவலிலிருந்து 30 எண்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். இதையே 10,000 முறை செய்யச் சொல்லி வரைபடம் போட்டால், ஒருபக்கம் சாய்ந்த பரவலிலிருந்து ஏறக்குறைய மணி வடிவம் எழும். அடுத்து, முக்கியமாக, கோஷி பரவலில் அதையே செய்யுங்கள். 30-ஐ 3,000 ஆக்கினாலும் சராசரி அடங்காது. கோஷி பரவலுக்குச் சராசரியே கிடையாது. எத்தனை எண்களைச் சேர்த்து வகுத்தாலும் விடை அதே கோஷி பரவலில்தான் விழும். தேற்றத்தின் நிபந்தனைகள் எதற்கு என்பது அங்கேதான் உறைக்கும். தேர்வுத் தாளில் நாம் அவசரமாகத் தாண்டிப்போகும் வரி அதுதானே!

நிரலின் தலையில் 'செட்.சீட்' கட்டளை இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும், பிழை எங்கே என்று பிடிக்க முடியாது.